அக்காவின் பென் டிரைவும் வாசல் ராம்ப்பும்

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் புது சிமென்ட் பூசினார்கள். அதற்குக் காரணம் ஒரு பென் டிரைவ் என்றால் நம்புவீர்களா?

என் அக்கா கல்யாணிக்குச் சின்ன வயதிலேயே போலியோ. சக்கர நாற்காலிதான். வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு மொழிபெயர்ப்பு செய்து கொடுக்கிறாள் - எல்லாம் மெயிலில். எங்கள் கம்ப்யூட்டர் இரண்டு முறை படுத்து, மெயில் மொத்தமும் போனது. அதன்பிறகு மெயில் சாஃப்ட்வேரையும் மெயில்களையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டாள். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் திறக்கும். பழசைப் படிக்க நெட்கூட வேண்டாம். வாராவாரம் சிடியில் ஒரு காப்பி வேறு.

"நகையைக்கூட யாரும் இப்படிப் பாதுகாக்க மாட்டாங்க" என்று கிண்டலடிப்பேன். காதிலேயே வாங்க மாட்டாள்.

சேலையூரில் தரைத்தள ஃபிளாட் வாங்கினோம். வாசலில் ராம்ப் கட்டித் தருவதாக பில்டர் சொன்னதால்தான் வாங்கினோம். குடிவந்து பார்த்தால்... மூன்று படிகள் மட்டும். இரண்டு பேர் தூக்கினால்தான் அக்கா தெருவைப் பார்க்க முடியும். யாரையும் கூப்பிடப் பிடிக்காமல், ஒரு மாதம் உள்ளேயே இருந்தாள்.

கடைசியில், "வாடா, நேர்ல போய்க் கேட்போம்" என்றாள்.

தாம்பரத்தில் பில்டரின் ஆபீஸ். அங்கேயும் படி. ஆட்டோக்காரரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

மேனேஜர் சிரித்த முகமாகவே சொன்னார். "அப்படி எதுவும் நாங்க ப்ராமிஸ் பண்ணலையே. அக்ரிமென்ட்ல இருக்கா?"

இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன்.

"மெயில்ல எழுதியிருக்கீங்க சார்" என்றாள் அக்கா.

"பழைய மெயில் எதுவும் எங்ககிட்ட இல்ல மேடம். இப்ப நெட்டும் டவுன்."

அக்கா பென் டிரைவை நீட்டினாள். "நெட் வேணாம் சார். இதைப் போடுங்க."

"வெளி டிரைவ் போடக்கூடாது மேடம். வைரஸ் வந்துடும்."

"இது க்ளீனா இருக்கு சார். உங்க வைரஸ் இதுக்கு வந்தாலும் பரவாயில்ல, வீட்ல காப்பி இருக்கு."

ஃபிளாட் விசாரிக்க வந்து காத்திருந்த ஒரு தம்பதி சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு வேறு வழியில்லை. செருகினார்.

அக்கா தேடினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. 'வாசல் படிக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி ராம்ப் கட்டித் தருகிறோம்' - கீழே அதே மேனேஜரின் பெயர். கூடவே அவர் அனுப்பிய பிளான்.

அவர் இரண்டு தடவை படித்தார். அந்தத் தம்பதியும் எட்டிப் பார்த்துப் படித்தார்கள்.

"ஒரு பிரின்ட் எடுத்துக்கலாமா சார்?" என்றாள் அக்கா.

"வேணாம் மேடம். திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன்."

அனுப்பினார்.

நேற்று சாயங்காலம் அக்கா முதல் தடவையாக ராம்ப்பில் இறங்கினாள். பின்னால் பிடிக்கப் போனேன். "கையை எடுடா" என்றாள். தானே சக்கரத்தைத் தள்ளி, கேட்டைத் தாண்டி, தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சொன்னதை மறந்துவிடுவது மனிதர்களுக்கு எவ்வளவு வசதி... எழுதியது நம் கையில் இருந்தால் அந்த வசதி அவர்களுக்குக் கிடைக்காது.

மூட்டுவலிக்கார மாடி வீட்டு மாமா, சிலிண்டர் போடுகிறவர், குழந்தையை வண்டியில் தள்ளி வரும் எதிர் ஃபிளாட் பெண் - இப்போது எல்லாரும் ராம்ப்பில்தான் வருகிறார்கள். படியில் ஏற ஆளே இல்லை.