மூன்று பெட்டிக்கு இடம்

மனைவி இறந்த எட்டாம் மாதம், லிஃப்ட் மெக்கானிக் அவளுடைய தையல் அறையில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார். ஆசைப்பட்டுப் போட்டதல்ல. ஞாயிறுதோறும் மச்சினன் வருவான்; இருவரும் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவனும் வருவதை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது.

முதலில் போட்டது வட்டம். ரயில் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. பத்தே நிமிடத்தில் மச்சினன் கைபேசியை எடுத்துவிட்டான்.

“கோச்சுக்காதீங்க அத்தான். இதுல எனக்கென்ன வேலை? ஃபேனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு.”

அவன் பஸ் கண்டக்டர். ஏற்றி இறக்கினால்தான் அவனுக்கு அது வண்டி.

மெக்கானிக் வட்டத்தைப் பிரித்துப்போட்டார். ஒரு கோடியில் நிலையம், மறுகோடியில் மர மில்லும் சிமெண்ட் கிடங்கும். நான்கு பெட்டிகள், எது எங்கே போக வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டு மாதிரி பெட்டிக்கொரு சீட்டு. நடுவில் இன்ஜின், பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் பாதையில் சுற்றிவந்து, பின்னால் மாட்டித் தள்ள வேண்டும். ஓட்டிப் பார்த்தால், நான்கு பெட்டி நிற்க வேண்டிய அந்த இடத்தில் மூன்றுதான் நின்றது. மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவர், சுவரிலிருந்து சுவர்வரை அளக்காமல் சுவரிலிருந்து தையல் மெஷின்வரை அளந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார். “மெஷினை எடுத்துடலாமா மாப்ளே?” பல்பை மாற்றலாமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

மச்சினன் மெஷினைப் பார்த்தான். ஊசியில் இன்னும் பச்சை நூல்.

“அக்காவோடதை எதுக்கு எடுக்கணும்? மூணு போகட்டும், ஒண்ணு நிக்கட்டும். எல்லாரும் முதல் பஸ்லயேவா ஏறிடுறாங்க?”

எதை நிறுத்துவது என்பதில்தான் வில்லங்கம். வரிசை தப்பினால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். தப்பிக்கொண்டே இருந்தது.

“சிமெண்டைக் கொண்டுபோய் மர மில்லுல விட்டுட்டீங்களே அத்தான்! அவன் என்னத்தை அறுப்பான்?”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “பின்னாடி எடுத்துடறேன்.”

இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. மச்சினன் கிளம்பும்போது ஒரு பெட்டி மட்டும் மெஷினை ஒட்டி நின்றது.

“அதைத் தொட்டுடாதீங்க. அடுத்த வாரம் நான்தான் எடுப்பேன்.”

“சரி.”

புதன்கிழமை மெக்கானிக் அறையைத் துடைத்தார். மெஷினைத் துடைத்தார். பெட்டியைத் தொடாமல், அதைச் சுற்றித் துடைத்தார்.