சிறி அண்ணன் குறைக்கச் சொன்ன ரேடியோ

இது கதையில்ல, எனக்கே நடந்தது. விசாரணை ஆபீஸ்ல எல்லா உண்மையையும் போன வாரம் எழுதிக் குடுத்துட்டேன். அங்க எழுத முடியாதது ஒண்ணு இருக்கு. அதை இங்க சொல்றேன். படிச்சு முடிச்சதும் என்னைத் திட்டணும்னு தோணும். தாராளமா திட்டுங்க, எனக்குத் தகும்.

என் பேரு ஜெகதீஷ். சேலத்துக்காரன். சிட்னிக்குப் படிக்க வந்து, இப்ப நார்த்மீட்ல ஒரு அடுக்குமாடி கட்டுற சைட்ல சூப்பர்வைசர். பிப்ரவரியில, சைட்ல பாட்டுக் கேக்க ரேடியோ வாங்கப் போனேன். கூட சிறி அண்ணன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வீடு கிரவீன்ல. தண்ணி கசியாம இருக்கப் பூச்சு பூசுறது அவர் வேலை.

கடையில ரெண்டு ரேடியோ எடுத்து வச்சாங்க. ரெண்டுமே மழையில நனையலாம், மாடியிலிருந்து விழுந்தாலும் உடையாது. ஒண்ணு கைக்கு அடக்கமா இருந்தது. இன்னொண்ணு, சுத்தியும் கறுப்பு ரப்பர் போட்டது, கட்டிங் மெஷின் ஓடினாலும் அதையும் மீறிக் கேக்கும்.

"தம்பி, சின்னதை எடுங்கோ. ஆள் கூப்பிட்டாக் கேக்க வேணும்."

"அட போங்கண்ணே!" பெருசைத்தான் எடுத்தேன்.

மார்ச் பன்னெண்டு. காலை 8:50. சிறி அண்ணன் பூச்சு பூச லிஃப்ட் குழிக்குள்ள இறங்கப் போறதுக்கு முன்னாடி, "றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ தம்பி"ன்னார். சைட் பசங்க முன்னாடி எனக்கு ஒரு வீம்பு. நக்கலா இன்னும் ரெண்டு திருகு கூட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சிட்டுத்தான் போனார்.

9:30. டீக்கு அவர் வரல. போய் எட்டிப் பாத்தேன். ஏணி சரிஞ்சு கிடந்தது. அவர் கை இன்னும் லேசா அசைஞ்சது. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டார். கையில பூச்சுக் கரண்டி. பக்கத்து இரும்புக் குழாய் முழுக்கப் புதுப் புது வடு... தட்டியிருக்கார்.

அப்ப நடந்த விசாரணையில, ரேடியோ ஆஃப்ல இருந்துச்சு, அவர் கூப்பிடவே இல்லன்னு சொன்னேன். பசங்களும் என் மூஞ்சியைப் பாத்துத் தலையாட்டினாங்க. முப்பத்தோராம் நாள் காரியத்துல அவர் மனைவி கமலினி அக்கா என்கிட்டக் கேட்டாங்க.

"அவர் ஒருக்காக்கூடக் கூப்பிடேல்லையோ தம்பி?"

"இல்லக்கா. விழுந்த உடனே நினைவு போயிடுச்சு."

அவங்க குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

அதுக்கப்புறம் அந்த ரேடியோவை யாரும் தொடல. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். ரேடியோவைச் சைட் கண்டெய்னர்ல போட்டுப் பூட்டினேன். குழியையும் பலகை அடிச்சு மூடியாச்சு.

ஜூன் பதினெட்டு. ஏழு மணிக்குக் கான்க்ரீட் லாரி வரணும். ஆறுக்கே போய்க் கேட்டைத் திறந்தேன். இங்க ஜூன்னா குளிர்காலம், இன்னும் விடியல. நான் மட்டும்தான்.

6:08. கண்டெய்னருக்குள்ள பாட்டு.

யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சேன். ஆனா பூட்டு வெளியில போட்டபடியே இருந்தது.

6:10. திறந்தேன். ரேடியோவுல பச்சை வெளிச்சம். முழுச் சத்தம். திருப்பிப் பாத்தேன். பேட்டரி இடம் காலி...

6:12. குமிழ் தானாத் திரும்புச்சு.

டக்.

சத்தம் குறைஞ்சது.

டக்...

இன்னும் குறைஞ்சது. அப்பத்தான் அது கேட்டது. மூடின குழிக்குள்ள இருந்து.

டங்... டங்... டங்...

குழி பக்கம் திரும்பினேன்.

"அண்ணே..."

டங்...

"நான்தான் கூட்டி வச்சேன்ணே. அக்காகிட்டயும் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே..."

நின்னுடுச்சு.

பச்சை வெளிச்சமும் அணைஞ்சது.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் 5:20. கமலினி அக்கா போன் பண்ணாங்க.

"தம்பி, காலமை ஆறு பன்னெண்டுக்கு அவரின்ர நம்பரிலயிருந்து எனக்குக் கோல் வந்தது. முதல்ல பாட்டு. பேந்து தட்டுற சத்தம். பேந்து நீங்கள் கதைச்சது."

அவங்களே மேல கேட்டாங்க.

"எவ்வளவு நேரம் தட்டினவர்?"

"அரை மணி நேரம் இருக்கும்க்கா."

அவங்க திட்டல. திட்டியிருந்தா தேவலை. நான்தான் கேட்டேன்.

"அவரோட போன் இப்ப யார்கிட்டக்கா இருக்கு?"

"என்ர அலுமாரிக்குள்ளதான். விழேக்கையே ரெண்டாய் உடைஞ்சு போச்சு. நம்பரையும் சித்திரையிலேயே வெட்டியாச்சு தம்பி."