கேப்டன் எழுந்திருக்க மாட்டார்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவளுக்கு அருவருப்பு என்று ஒன்று இருந்தால் பிழைப்பு நடக்காது. அவளுக்கு அது இல்லை. விடிந்தால் ஊரார் சிறுநீரும் சளியும் டப்பா டப்பாவாக மேசைமேல் வந்து உட்காரும். மூடியைச் சரியாகப் போடாமல் பையெல்லாம் ஒழுகவிட்டுக் கொண்டுவருகிற புண்ணியவான்களும் உண்டு. முகம் சுளிக்காமல் வாங்கித் துடைத்து, பெயர் ஒட்டி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறையில் நிம்மதியாகச் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டுக்குள்ளேயே, தன் புருஷனைப் பார்த்து வயிற்றைப் புரட்டியது.

புருஷன் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. தெருவில் அவன் பெயர் கேப்டன். யாரும் வைத்த பெயரல்ல. அவனே வைத்துக்கொண்டு, நாலு பேர் வாயில் வரும்வரை விடாமல் சொல்லிப் பழக்கிய பெயர். அவன் விமானத்தில் ஏறியது கல்யாணம் ஆன புதிதில் ஒரே ஒரு தடவை. இறங்கும்போது வாந்தி எடுத்தான். பையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான்.

கீழ்த்தள அறையில், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாட, அவன் ஒரு காக்பிட் கட்டியிருந்தான். சும்மா சொல்லக்கூடாது, கைவேலை சுத்தம். பிளைவுட்டை அறுத்து வளைத்து, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, உடைத்த வேன் ஒன்றின் இருக்கைகளை வாங்கி மாட்டி, எதிரே மூன்று திரை, தலைக்குமேல் வரிசை வரிசையாகச் சுவிட்ச். எது எதற்கென்று கேட்டால் சாயங்காலம் வரை சொல்லுவான். கம்ப்யூட்டர் சூடாகிறது, விசிறிச் சத்தம் காதைத் துளைக்கிறது என்று அதைத் தூக்கி அந்த அறையோடு ஒட்டிய குளியலறைக்குள் வைத்துவிட்டான். தண்ணீர் படக்கூடாதே என்று குழாயையும் அடைத்தான். கழிப்பறைக் கோப்பைமேல் பலகை போட்டு, அதன்மேல் கம்ப்யூட்டர்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள், மாமனார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரையே மேலே ஏற்றி இறக்கிவிட்டவர், இப்போது கட்டிலிலிருந்து இறங்க ஆள் வேண்டும். ஆளைப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் மீதியைத் தானே பார்த்துக்கொள்வார். ஆனால் அந்த வீட்டில் சக்கர நாற்காலி நுழைகிற குளியலறை ஒன்றே ஒன்று. அதில் கம்ப்யூட்டர் குடியிருந்தது. ஆகவே பெரியவர் கூடத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால், யூரின் பாட்டிலோடு கிடந்தார். யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால், அவர்கள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவார்.

“பெருசா ஒண்ணும் ஆசை இல்லம்மா. பாத்ரூம் கதவச் சாத்திட்டு ஒரு நாள் தனியா உட்காரணும்” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புருஷனிடம் கேட்டாள். ஒரு தடவை அல்ல.

“அதக் கழட்டினா திரும்ப மாட்டவே முடியாது. எத்தன வருஷ உழைப்பு தெரியுமா? அப்பாக்குத்தான் பாட்டில் இருக்கே.”

“அப்ப நான் வேலைக்குப் போற நேரத்துல நீங்க எடுத்து ஊத்துங்க.”

“ஐயோ, என்னால முடியாது. அதப் பாத்தாலே குமட்டுது எனக்கு. உனக்குப் பழக்கம்.”

பெற்றவரின் மூத்திரம் குமட்டுகிறதாம். இவனைத் துடைத்துத் துடைத்து வளர்த்த மனிதர் திரைக்குப் பின்னால் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அன்றிலிருந்தே அவளுக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

பாட்டில் இரண்டு வாங்கியிருந்தாள், ஒன்றைக் கழுவிக் காயவைக்கும்போது மற்றொன்று கைக்கு எட்டும்படி. அதில் ஒன்று திடீரென்று காணாமல் போனது. கட்டிலடி, மாடிப்படியடி எல்லாம் தேடினாள். அலுப்பில், “என்ன மாமா, பக்கத்துல இருக்கறதக்கூட பாத்துக்க மாட்டீங்களா?” என்று கடிந்தும் விட்டாள். “நான்தான் எங்கயோ தள்ளிட்டேன் போலம்மா, தப்புதான்” என்றார் அவர். அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேப்டனுக்கு நெடும்பயணம். இணையத்தில் அவனைப் போலவே நாலைந்து கேப்டன்கள். நிஜ விமானம் போக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓட்டவேண்டும், எல்லோர் முகத்துக்கும் எதிரே கேமரா, நடுவில் எழுந்தவன் அவுட். நாளெல்லாம் பிட்டம் தேய உட்கார்ந்திருப்பதுதான் வீரம். கேப்டன் இதுவரை எழுந்ததே இல்லை என்று அந்தக் கூட்டத்தில் அவனுக்குப் பெரிய பேர்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் அவனுக்குக் காப்பி கொண்டுபோனாள். இருக்கைக்குக் கீழே ஏதோ தொங்கியது. குனிந்து பார்த்தாள். அழகாக வளைத்த கம்பிக் கொக்கி. அதில் மாமனாரின் பாட்டில். சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகவேண்டுமென்று அதற்கும் சாம்பல் நிறப் பெயின்ட். கழுத்துவரை நிறைந்து, வெதுவெதுப்பாக.

அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தான். “நல்ல நேரத்துல வந்த. அதக் கொஞ்சம் ஊத்திட்டுக் கொண்டா. இன்னும் பாதி தூரம்கூடத் தாண்டல.”

அவளுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஊரார் டப்பாக்களைத் தொட்டபோது வராதது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மாமனார் விழித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பார்த்தார், பெயின்ட்டைப் பார்த்தார், அவள் வந்த கதவைப் பார்த்தார்.

“அவனுக்கும் எழுந்திரிக்க முடியலயாம்மா?” என்றார்.

கேலியா, நிஜமான கவலையா என்று அவளுக்குத் தெரியவில்லை. “ஆமா மாமா. அவருக்கும் முடியல” என்றாள். பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, அவரை அணைத்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் போர்வையைப் போட்டு, காக்பிட் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். பிறகு திரும்பிவந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் வேலையாகக் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பெரியவரை ஊர் பார்க்கவேண்டாம்.

“ஏய், என்ன பண்ற? அவுட் ஆயிடுவேன்!”

அவள் பாட்டிலைக் குளியலறைக் கதவோரம் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். நாற்காலியை உள்ளே உருட்டினாள். குளியலறைக் கதவைத் திறந்து கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். மூன்று திரையும் ஒன்றாக இருண்டன.

அவன் துள்ளி எழுந்தான். “பைத்தியமாடி உனக்கு?” என்று கத்திக்கொண்டு, மண்டையில் சுவிட்ச் வரிசை இடிக்க, ஹெட்ஃபோன் ஒயர் காலில் சுற்ற, வெளியே பாய்ந்து வந்தான்.

அவள் பாட்டிலை அவன் கையில் திணித்தாள். அவன் அதைக் குனிந்து பார்த்தான். மறுகையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுடையதே அவனுக்குக் குமட்டியது.

“அந்தக் கம்ப்யூட்டரத் தூக்குங்க. குழாயத் திறங்க. இதக் கழுவுங்க” என்றாள். “அப்புறம் வெளிய வாங்க. மாமா உள்ள போகணும்.”

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மகனை மேலும் கீழும் பார்த்தார்.

“அடடே, எழுந்துட்டானே!” என்றார்.