பின்னால் கட்டிய கைகள்

காரிமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் அவர். நரைத்த மீசை, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

மறுநாள் காலை எனக்கு ஆன்லைனில் புரோகிராமிங் முதல் வகுப்பு. பத்தாவதோடு நின்ற நான், நாற்பத்தாறு வயதில் அதில் சேர்ந்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை. வகுப்புக்கு வேண்டிய பைத்தான் என்ற கணினி மொழியை இரண்டு முறை லேப்டாப்பில் ஏற்றியும் ஓடவில்லை. யூடியூபில் ஆளுக்கொன்று சொன்னதைக் கேட்டு, அதில் எழுதுவதற்கென்று மூன்று மென்பொருள் வேறு போட்டு வைத்திருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிளாஸ்ல இந்த மூணுல எதுல சொல்லித் தர்றாங்க?" என்றார். சொன்னேன்.

"அது ஒண்ணே போதுங்கக்கா. மத்தத எடுத்துடுங்க."

லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பைத்தானையும் எடுத்துட்டு, நீங்களே மறுபடி போடுங்க."

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். வழக்கம்போல எதையும் படிக்காமல் 'இன்ஸ்டால்' அழுத்தப் போனேன்.

"ஏங்கக்கா, கடைசி பஸ்ஸா போவுது? கீழ ஒரு சின்னக் கட்டம் இருக்குது பாருங்க. அதுல டிக் போடலன்னா, பைத்தான் எங்க இருக்குதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியாது. படிங்க."

"இங்கிலீஷா இருக்குதுங்க" என்றேன் மெதுவாக.

"எனக்கும் அது இங்கிலீஷ்தாங்க. எழுத்துக் கூட்டுங்க."

கூட்டிப் படித்து டிக் போட்டேன். இந்த முறை ஓடியது. நான் அடித்த ஒரே வரியில் என் பெயர் திரையில் வந்தது.

அடுத்து நின்றவர் தன் லேப்டாப்பை நீட்டினார். கடைக்காரர் அதை வாங்கித் தானே தட்டி, ஒரே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். என்னிடம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டார் என்று யோசித்தபடியே, அந்த வரியை இன்னொரு முறை நானே அடித்துப் பார்த்தேன்.