ஆண்டாள் கொண்டைக் கெண்டை

"...நெத்தியில பூசுனா திருநீறு, சட்டியில தேய்ச்சா மினுமினுப்பு, விரால்ல தேய்ச்சா வழுவழுப்பு போயிரும். எரிஞ்ச பொறவு சாம்பல்ல என்னட்டி வெசம் இருக்கப் போவுது?" என்றார் சித்தப்பா.

சித்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கூனல் மீன எப்படிங்க ராஜபாளையம் மார்க்கெட்டுல விப்பீக?" விடிந்தால் கண்மாயில் வலை. ஆட்களுக்குச் சொல்லியாயிற்று.

சுந்தரபாண்டியத்துப் பக்கம் ஒரு கண்மாயில் அந்த வருஷம் மீன் குத்தகை சித்தப்பாவுடையது. கரைப்பாதை சேறு, மீன் வண்டி இறங்காது. ஊர்க் குப்பையை எரிக்கிற ஓரிடத்திலிருந்து டிராக்டர் டிராக்டராகச் சாம்பல் சும்மா கிடைத்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதல்லவா? வாங்கிக் கொட்டி, மிதித்து, ரோடு மாதிரி ஆக்கிவிட்டார். ஐப்பசி மழை வந்து அந்த ரோட்டைக் கழுவிக் கண்மாய்க்குள் இறக்கியது.

பங்குனியில் பார்த்தால் கெண்டைகளில் பல கூனல். முதுகு வளைந்து, ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி நீந்தும். தெருப்பிள்ளைகள் நாங்கள் அதற்கு 'ஆண்டாள் கொண்டை' என்று பேர் வைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சாய்ந்ததெல்லாம் ஆண்டாள் கொண்டைதான்.

குப்பையோடு பழைய பேட்டரியும் வயரும் எரிந்தாலும், அவற்றின் ஈயமும் காட்மியமும் எரிந்து தீராமல் சாம்பலோடு தங்கும். மழையில் கரைந்து மீனின் ஈரலுக்குள்ளும் எலும்புக்குள்ளும் போகும். இது நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. சித்திக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று சித்தி அந்தக் கூனல் கெண்டைக் குழம்பிலிருந்து எனக்கொரு துண்டு வைத்து, தன் தட்டிலும் ஒன்றை வைத்துக்கொண்டாள். பிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

சித்தப்பா அவள் கையைப் பிடித்தார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கூடவே என் தட்டையும்.

"ஏங்க, பிள்ள சோத்தையா புடுங்குவாக?"

"எனக்குப் பசிக்குதுட்டி" என்றவர், தலை நிமிராமல் மூன்று தட்டையும் தின்று தீர்த்தார். கை கழுவிவிட்டுப் போனை எடுத்து, "ஏலே, நாளைக்கு வலை வேண்டாம். பொறவு எப்பன்னு கேக்காத, வேண்டாம்" என்றார்.

மீனையெல்லாம் ஒரே ஆள் தின்று முடித்தால் பிறகு வலை எதற்காம் என்று, சித்தி ஊற்றிய மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே கருவினேன்.