எழுந்து போகாத பெரியப்பா

என் பெரியப்பா முதலில் ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்து சட்டம் படித்து வேலூர் கோர்ட்டில் வக்கீலானார். அதன்பிறகு எம்.எல்.ஏ. ஆனார். மூன்றில் எதையும் அவர் முழுதாக விட்டபாடில்லை. விடியற்காலையில் எங்களை எழுப்பும்போது ராணுவம், குழம்பில் உப்பு கம்மி என்று பெரியம்மாவோடு வாதாடும்போது வக்கீல், கல்யாண வீடுகளில் மட்டும் அரசியல்வாதி.

ஒருமுறை பெரியம்மாவையும் என்னையும் சட்டசபை பார்க்கச் சென்னைக்கு அழைத்துப் போனார். அன்று அவருடைய கேள்வி வருகிறது. ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணறுகளில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. கிளம்பும்போது தெருப் பெண்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கேக்காம வந்துடாதீங்க சார், ஒரே பேஜாராக் கீது."

பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் கேள்வி போய்விடும் என்று வழியெல்லாம் பெரியப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே பார்வையாளர் மாடத்தில் ஏசி குளிர்ந்தது. எனக்குக் கண் சொக்கியது. கீழே பேசுகிற குரல்கள் தூரத்து மழை மாதிரி கேட்டன. வெள்ளைச் சட்டைகள் மெல்ல மிதப்பதாகத் தோன்றியது. பெரியம்மாவின் தோளில் சாய்ந்து பாதிக் கனவில் இருந்தபோது, திடீரென்று கூச்சல். கண் திறந்தால், பெரியப்பாவின் கட்சிக்காரர்கள் எல்லோரும் கைகளை ஆட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பெரியப்பா மட்டும் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வாசல்வரை போன அவர்கள் தலைவர் நின்று, திரும்பி அவரையே பார்த்தார்.

"எழுந்துடுங்க. இல்லாட்டி இனிமே எலெக்‌ஷன்ல நிக்கவே வுடமாட்டாங்க" என்று பெரியம்மா தனக்குத்தானே முணுமுணுத்தாள். ஒரு நொடி கழித்து, "வேணாம், உக்காருங்க" என்றாள். அவள் பிடித்த பிடியில் என் கை வலித்தது.

சபாநாயகர் பேர் சொன்னார். காலி நாற்காலிகளுக்கு நடுவே பெரியப்பா எழுந்து நின்று கேட்டார். அந்த வருடமே குழாய் போடப்படும் என்று மந்திரி பதில் சொன்னார். பெரியப்பாவை எனக்கு அன்றைக்குப் பிடித்தது போல என்றைக்கும் பிடித்ததில்லை.

திரும்பும் வழியில் அவருடைய போன் விடாமல் அடித்தது. அவர் எடுக்கவில்லை. காரை நிறுத்தி எங்களுக்குப் பிரியாணி வாங்கித் தந்தார். பெரியம்மா தன் கறித்துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தாள். அதுவரை இருவரும் சண்டையில்லாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனேன். பெரியம்மா பெரியப்பாவின் கறுப்பு வக்கீல் கோட்டை உதறி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். எம்.எல்.ஏ. ஆன பிறகு அது பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

"இன்னாத்துக்கு பெரிம்மா இத எடுத்த?"

"சும்மாத்தான். பூச்சி அரிச்சிடும்ல" என்றாள்.

நானும் நம்பினேன். கோட்டின் ஒரு கையை நான் பிடித்துக்கொள்ள, இன்னொரு கையை அவள் பிடித்துக்கொள்ள, தூசி போகும்வரை உதறினோம்.