பொட்டு வைத்த கொர்வெட்

மாலா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலையிடத்தில் ஒரு காரின் இருக்கைகளுக்குக் கீழே தூசி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி சுதன் அண்ணைதான் தொலைபேசியில். "பிள்ளை, அக்கா விடியப் போயிட்டா" என்றார். முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். அந்தக் காரை முடித்துவிட்டுத்தான் போனேன். வேலையைப் பாதியில் விடுவது மாலா அக்காவுக்குப் பிடிக்காது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவருடைய குரல் ஞாபகம் இருக்கும். சுவிஸில், லாங்கன்தாலில் நாங்கள் இருவரும் வேலை செய்த கார் கழுவும் இடத்தில், தண்ணீர் இயந்திரம் ஓடும்போதும் அவர் கதைப்பது தெருவின் அடுத்த கரைக்குக் கேட்கும். நான் 'ஓம்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. "உனக்கும் சேர்த்து நான் கதைக்கிறன். நீ எனக்கும் சேர்த்துக் கண்ணாடி துடை" என்பார். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது. பிறகு அவருக்குத் தொண்டையில் வருத்தம் வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் மிஞ்சியது, காதை வாயருகே கொண்டுபோனால் மட்டும் கேட்கும் ஒரு மூச்சு.

அவருடைய வெள்ளைக் கொர்வெட்டையும் நீங்கள் அறிவீர்கள். எண்பதுகளில் செய்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. 'கலியாணம் கட்டாமல் காரைக் கட்டியிருக்கிறாள்' என்று கதைத்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவருக்கு அது தெரியும், கோபமில்லை. வெயில் நாட்களில் இன்டர்லாக்கன் வரை ஓட்டிப்போய் ஏரியைப் பார்த்துவிட்டு வருவார். குளிர்காலம் முழுவதும் கார் போர்வைக்குள் நிற்கும். அதனால் அது அதிகம் ஓடவில்லை. பெயின்ற்கூட, தொழிற்சாலையில் அடித்த முதல் பெயின்ற்தான். பழைய கார் சேர்ப்பவர்கள் இப்படிப்பட்டதைத்தான் தேடுகிறார்கள்.

குறை ஒன்றே ஒன்று. வாங்கிய புதிதில் கோயிலில் வாகன பூசை செய்தார்கள். ஐயர் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, காரின் முன்மூடியான பொனற்றில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசைப் பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் மாலா அக்கா அதை வெயிலில் அப்படியே விட்டுவிட்டார். பிறகு கழுவியபோது குங்குமம் போனது, சிவப்புப் போகவில்லை. பெருவிரல் அளவில் பெயின்றுக்குள் ஊறிவிட்டது. "உலகத்தில பொட்டு வைச்ச கொர்வெட் இது ஒண்டுதான்" என்று சிரிப்பார்.

இனி மருந்தில்லை என்று வைத்தியர்கள் சொன்ன அன்றே காரை விற்கத் தீர்மானித்தார். "இப்ப ஏன் அவசரம் அக்கா? பிறகு நான் பாக்கிறன்" என்றார் சுதன் அண்ணை. மாலா அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். "நான் இருக்கேக்க விக்கோணும். பிறகு வித்தால் அது செத்தவளின்ர கார். இப்ப வித்தால் என்ர கார். நீதான் கதைக்கோணும். இவன் பொய் சொல்லி வித்துப்போடுவான்."

சுதன் அண்ணை முதலில் ஒரு வியாபாரியைக் கூட்டிவந்தார். அவர் காரைச் சுற்றி வந்து, பொனற்றில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். "குருவி எச்சம்" என்றார் சுதன் அண்ணை. கதிரையில் இருந்த மாலா அக்கா என் முழங்கையில் தட்டினார். கோயில், பூசை, குங்குமம் எல்லாவற்றையும் சுவிஸ் ஜெர்மனில் சொல்லி முடித்தேன். வியாபாரி சிரித்துவிட்டு, யோசிப்பதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை. "வாயே திறக்காத பெட்டை, திறந்தால் இப்பிடியோ?" என்று சுதன் அண்ணை தலையில் கைவைத்தார்.

அதன் பிறகு இணையத்தில் விளம்பரம் போட்டோம். முதல் வரியே அந்தக் கறையாக இருக்க வேண்டும் என்று மாலா அக்கா பிடிவாதமாக நின்றார்.

"கலியாணப் பேச்சில பொம்பிளைக்குப் பல்லு மிதப்பு எண்டோ தொடங்கிறது?" என்றார் சுதன் அண்ணை.

"பாக்க வாறவன் முதல் பல்லைத்தானே பாப்பான்" என்று மாலா அக்கா சொன்னதை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். மூவரும் சிரித்தோம்.

ஒருவரும் வரவில்லை. அவர் மெலிந்துகொண்டே போனார். சுதன் அண்ணை கெஞ்சத் தொடங்கினார். "பொலிஷ் போட்டுக் கறையை எடுத்துவிடுவம் அக்கா. உங்கட தொழில்தானே?" உண்மைதான், எங்கள் இருவருக்கும் அது ஒரு பின்னேர வேலை. மாலா அக்கா மறுத்தார். "அதோட முதல் பெயின்றும் தேய்ஞ்சு போகும். பிறகு எந்த வாயால ஒரிஜினல் எண்டு சொல்லுவன்? இருக்கிறதே அரை வாய்."

கடைசியாக நொஷாட்டலில் இருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் வந்தார். பிரெஞ்சு பேசுகிறவர், ஜெர்மன் கொஞ்சம்தான். நான் அவருக்கு வணக்கம் சொன்ன கையோடு, என் உடைந்த பிரெஞ்சில் கறையைப் பற்றிச் சொன்னேன். "வாசித்தேன். அதைப் பார்க்கத்தான் வந்தேன். இதைச் சொல்கிறவர் வேறொன்றையும் மறைக்க மாட்டார்" என்றார். அவரும் மாலா அக்காவும் ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது இருக்கை இல்லாததால் நான் வாசலில் நின்றேன். குரலில்லாதவரும் மொழி தெரியாதவரும் எதைக் கதைத்தார்களோ, திரும்பி வரும்போது இருவர் முகத்திலும் சிரிப்பு.

கையெழுத்தை மாலா அக்காவே போட்டார். இங்கே இலக்கத்தகடு காரோடு போகாது, ஆளோடு நின்றுவிடும். அதையும் தன் கையாலேயே கழற்றினார். அந்தப் பெண் கறையை அப்படியே வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். மாலா அக்கா என் காதில், "இனி அது அவவின்ர கார். விருப்பமெண்டால் அழிக்கட்டும்" என்றார். கார் வளைவில் மறைந்தபோது அவர் அழவில்லை. பசிக்கிறது என்றார். அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. குறையை முதல் வரியில் வைக்கும் அந்தப் பிடிவாதம் மட்டும் இருக்கிறது. போன கிழமை ஒரு கராஜில் தொழில் பழக விண்ணப்பித்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை நானே தொலைபேசி எடுத்துக் கேட்பேன். எனக்காக வேறு யாரும் கதைக்கத் தேவையில்லை.